ஏன் முதலில் அடித்துக்கொள்கிறார்கள்? சூப்பர்ஹீரோ கிராஸ்ஓவர் காமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் என் அலமாரியில் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே அட்டையில் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதிலும் ஒன்றுதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. கதையின் முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன், அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிராஸ்ஓவர்னா என்ன? ரெண்டு ஹீரோ ஒரே கதையில வந்தா போதுமா?

போதாது. இருவருக்கும் தனித்தனியாகக் கதை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தனித்தனி வாசகர்கள் இருக்க வேண்டும், அப்புறம் ஒரு நாள் இருவரும் ஒரே கதைக்குள் வர வேண்டும். ராபின் பேட்மேனோடு வருவது கிராஸ்ஓவர் இல்லை, அவன் அந்த வீட்டுப் பிள்ளை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒரே கம்பெனி தன் சொந்த ஹீரோக்களைச் சேர்த்துவைப்பது ஒன்று. டி.சி.யும் மார்வெலும் மாதிரி போட்டிக் கம்பெனிகள் கைகோப்பது இன்னொன்று. முதல் வகைக்கு எடிட்டர் சரி என்றால் போதும். இரண்டாவதற்கு இரண்டு பக்கத்து எடிட்டர்கள், இரண்டு பக்கத்து வக்கீல்கள் எல்லாரும் தலையாட்ட வேண்டும். கீழே நான் சொல்லப்போகிற முக்கால்வாசி விஷயம் இந்தத் தலையாட்டலில் இருந்துதான் வருகிறது.

இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சது?

1940-இல். அப்போது மார்வெலுக்குப் பெயர் டைம்லி. அவர்களிடம் ஒரு நெருப்பு மனிதன் இருந்தான், ஹியூமன் டார்ச். கடலடி இளவரசன் ஒருவன் இருந்தான், நேமோர். நெருப்பையும் தண்ணீரையும் மோதவிட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. மார்வெல் மிஸ்டரி காமிக்ஸின் 8, 9-ஆம் இதழ்களில் பெரிய சண்டை. முடிவு தெரியாமல் வாசகர்கள் காத்திருந்து 10-ஆம் இதழை வாங்கினால், ஒரே ஒரு பக்கம். பெட்டி டீன் என்ற பெண் வந்து சமாதானம் பேச, அவரவர் வழியில் போய்விடுகிறார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. இந்த வம்சத்தின் மூதாதையே இப்படி நழுவியிருக்கிறார்!

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சண்டையில் ஆள்மாறாட்டமும் இல்லை, தப்பான புரிதலும் இல்லை. நேமோர் நியூயார்க்கை உண்மையாகவே போட்டுத் தாக்குகிறான், டார்ச் தடுக்க வருகிறான். கம்பெனி ஒன்றுதான் என்பதால் ஒருவனைக் கெட்டவனாகக் காட்டுவதில் யாருக்கும் வருத்தமில்லை.

நல்லவங்க ரெண்டு பேரு சந்திச்ச உடனே ஏன் அடிச்சுக்கறாங்க? உட்கார்ந்து பேச மாட்டாங்களா?

பேசினால் புத்தகம் விற்காது என்பது சுலபமான பதில். அட்டையில் இருவரும் மோதுவதைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறோம், அதனால் மோதியே ஆக வேண்டும். ஆனால் மோத வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டுமே. எங்கள் ஆள் தப்பு செய்ததாகக் காட்டாதே என்று இரண்டு கம்பெனியும் சொன்னால் எழுத்தாளர் எங்கே போவார்? மூன்றாவது ஒருவனைக் கொண்டுவந்து, முதல் ஆளின் வேஷத்தைப் போடவைத்து, இரண்டாவது ஆளின் கண்ணெதிரில் ஒரு அக்கிரமம் செய்யவைப்பார். இப்போது சண்டையும் உண்டு, சண்டைக்கு நியாயமான காரணமும் உண்டு, குற்றவாளி மட்டும் இருவரும் இல்லை.

ஆகவே இந்தக் கதைகளில் வரும் ஆள்மாறாட்டத்தை நான் எழுத்தாளரின் சோம்பேறித்தனமாகப் பார்ப்பதில்லை. அது கிட்டத்தட்ட ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு.

சரி, 1976-ல வந்த அந்தப் பெரிய புக்ல என்னதான் நடக்குது?

டி.சி.யின் சூப்பர்மேனும் மார்வெலின் ஸ்பைடர்மேனும் சந்திக்கும் புத்தகம், அந்த இரண்டு கம்பெனியும் சேர்ந்து போட்ட முதல் சூப்பர்ஹீரோ புத்தகமும் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தைச் சேர்ந்து காமிக்ஸாகப் போட்டிருந்தார்கள், ஆனால் அதில் ஹீரோக்கள் இல்லை. எழுதியது ஜெர்ரி கான்வே, பென்சிலில் வரைந்தது ராஸ் ஆண்ட்ரு, மையிட்டது டிக் ஜியார்டானோ. விலை 2 டாலர். சாதாரண காமிக்ஸைப் போல இல்லாமல் பத்தங்குல அகலம், பதின்மூன்றரை அங்குல உயரம், மடியில் விரித்தால் மடி மறைந்துவிடும்.

ஆரம்பத்தில் சூப்பர்மேன் லெக்ஸ் லூதரைப் பிடிக்கிறார், அப்புறம் ஸ்பைடர்மேன் டாக்டர் ஆக்டபஸைப் பிடிக்கிறார், அப்புறம் அந்த இரண்டு வில்லன்களும் ஒரே சிறையில் சந்தித்துக் கூட்டு சேர்கிறார்கள். தராசில் நிறுத்த மாதிரி உனக்கு ஒரு அத்தியாயம், எனக்கு ஒரு அத்தியாயம். பிறகு நியூயார்க்கில் பத்திரிகையாளர் மாநாடு. வேஷம் இல்லாதபோது சூப்பர்மேன் கிளார்க் கென்ட் என்ற நிருபர், ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் என்ற புகைப்படக்காரர், இருவரும் அங்கே இருப்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதே இல்லை. அங்கே சூப்பர்மேன் வேஷத்தில் வந்திறங்கும் லூதர் ஒரு கதிரை வீசி சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேனையும் பீட்டரின் காதலி மேரி ஜேனையும் மாயமாக்கிவிடுகிறான். பீட்டரின் கண்ணுக்குத் தெரிந்தது சூப்பர்மேன்தான். உண்மையான சூப்பர்மேன் வந்து சேரும்போது ஸ்பைடர்மேன் அவர்மேல் பாய்கிறார். ஸ்பைடர்மேனோ ஊர் பத்திரிகையில் குற்றவாளி என்று பெயரெடுத்தவர், எனவே சூப்பர்மேனுக்கும் சந்தேகம். முடிந்தது.

அந்தச் சண்டையில யார் ஜெயிச்சது? சூப்பர்மேன் ஒரு விரல்ல சுண்டினாலே போதுமே?

அதுதான் கான்வேக்கு இருந்த தலைவலி. மலையைத் தூக்குகிறவருக்கும் காரைத் தூக்குகிறவருக்கும் எப்படிச் சண்டை வைப்பது? ஸ்பைடர்மேன் மீது லூதர் மறைந்திருந்து சிவப்புச் சூரியக் கதிர்வீச்சைப் பாய்ச்சுகிறான். கிரிப்டான் கிரகத்தின் சூரியன் சிவப்பு, அந்தக் கதிரின் முன் சூப்பர்மேனின் பலம் செல்லாது. ஆக ஸ்பைடர்மேன் விடும் குத்து ஒவ்வொன்றும் வலிக்கிறது, ஏன் வலிக்கிறது என்று இருவருக்குமே புரிவதில்லை.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம் வருகிறது. பொறுமை இழந்து சூப்பர்மேன் முழு வேகத்தில் கையை ஓங்கிவிட்டு, இவனைக் கொன்றுவிடுவோமே என்று கடைசி நொடியில் நிறுத்திக்கொள்கிறார். குத்து படவே இல்லை. அந்தக் கையின் காற்றே ஸ்பைடர்மேனைத் தூக்கிப் பல தெருக்கள் தள்ளி வீசுகிறது. கதிர்வீச்சின் வீரியம் தீர்ந்த பிறகு ஸ்பைடர்மேன் குத்தினால் அவர் கைதான் வலிக்கிறது. அப்போதுதான் இருவரும் பேசவே ஆரம்பிக்கிறார்கள். யார் ஜெயித்தார்? யாரும் இல்லை, 1940 மாதிரியே. கடைசியில் லூதரின் திட்டத்தைக் கெடுப்பதே அவன் கூட்டாளி ஆக்டபஸ்தான், பூமி அழிந்தால் நானும்தானே அழிவேன் என்று தாமதமாக உறைத்து.

சூப்பர்மேனுக்குத்தான் எக்ஸ்ரே கண் இருக்கே, முகமூடிக்குள்ள யாருன்னு பார்த்திருக்கலாமே?

இது என் அக்கா மகன் கேட்டது, அப்போது அவனுக்குப் பத்து வயது. பார்க்கலாம். பார்த்தால் என்ன தெரியும்? இருபது வயசு சொச்சத்தில் ஒரு பையன் முகம் தெரியும். அது யார் முகம் என்று அந்தக் கண் சொல்லாது. ஆளைத் தெரிந்திருந்தால்தானே அடையாளம் காண முடியும்?

ஸ்பைடர்மேனின் சிலந்தி உணர்வும் அப்படித்தான். ஆபத்து வருகிறது என்று சொல்லும், யாரால் வருகிறது என்று பெயர் சொல்லாது. ஆனால் எழுத்தாளருக்கு வசதிப்படும்போது இரண்டு சக்தியும் நன்றாக வேலை செய்யும், வசதிப்படாதபோது தூங்கிவிடும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆள்மாறாட்டம்னா எப்பவும் வேஷம் போடறதுதானா?

இல்லை. வேஷம் ஒரு வழிதான், அதுவும் பழைய வழி. ஸ்பைடர்மேனின் சொந்தப் பத்திரிகை 1963-இல் வந்தபோது முதல் இதழிலேயே கமீலியன் என்ற வேஷக்காரன் வந்துவிட்டான். ஸ்பைடர்மேன் உடையில் ரகசியத் திட்டங்களைத் திருடிவிட்டு, பழி சரியாக விழுவதற்காக நிஜ ஸ்பைடர்மேனையும் அந்தக் கட்டடத்துக்கு அதே நேரத்துக்கு வரவழைக்கிறான். பிறகு போலீஸ் உடைக்கு மாறிக்கொள்கிறான். ஆனால் போலீஸ் உடை கிழிந்ததும் உள்ளே ஸ்பைடர்மேன் உடை தெரிந்து மாட்டிக்கொள்கிறான். ஒரு வேஷத்தைக் கழற்றாமல் அதன் மேல் இன்னொன்று போட்டால் அப்படித்தான். இதே இதழில் ஸ்பைடர்மேன் வேலை கேட்டு ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் ஹீரோ குழுவிடம் போய், வணக்கம் சொல்வதற்குள் அவர்களோடு கட்டிப்புரள்வதும் நடக்கிறது.

இன்னொரு வழி, ஆள் அதே ஆள்தான், அவன் செய்த காரியத்தைத் தப்பாகப் படிப்பது. அதே 1963-இல் மார்வெலின் ஹீரோ படையான அவெஞ்சர்ஸின் முதல் இதழ். தண்டவாளத்தில் வெடிமருந்து இருப்பதாக, தோர் என்ற ஹீரோவின் எதிரி லோகி ஒரு மாயத் தோற்றத்தை உண்டாக்குகிறான். ரயிலைக் காப்பாற்ற ஹல்க் பாய்கிறார். வெடிமருந்து ஹல்க்குக்கு மட்டுமே தெரிந்தது, ஊருக்குத் தெரிந்தது ஹல்க் பாலத்தை நாசமாக்கியது. அடுத்து தற்செயலைப் பாருங்கள். ஹல்க்கின் நண்பன் ரிக் ஜோன்ஸ் உதவி கேட்டு ரேடியோவில் ஃபென்டாஸ்டிக் ஃபோரை அழைக்கிறான். லோகி அந்த அலையைத் தோருக்குத் திருப்பிவிடுகிறான். ஆனால் அயர்ன்மேன், ஆன்ட்மேன், வாஸ்ப் மூவர் காதிலும் அது விழுந்து தொலைக்கிறது. ராங் நம்பரில் உருவான படை அது. ஹல்க் எங்கே ஒளிந்திருந்தார் தெரியுமா? சர்க்கஸில், முகத்தில் கோமாளிச் சாயம் பூசி, இயந்திர மனிதனாக நடித்துக்கொண்டு.

சூப்பர்மேனும் பேட்மேனும் ஒரே கப்பல்ல ஒரே ரூம்ல மாட்டிக்கறாங்களாமே, இதை எப்படி நம்பறது?

நம்ப வேண்டாம், ரசியுங்கள். 1952-இல் வந்த சூப்பர்மேன் 76-ஆம் இதழ். எழுதியது எட்மண்ட் ஹாமில்டன், வரைந்தது கர்ட் ஸ்வான். இருவரும் ஒரே கம்பெனி, வானொலி நாடகத்தில் 1945-லேயே சந்தித்தும் இருந்தார்கள், 1940-களில் இருந்து ஒரே பத்திரிகையின் அட்டையில் சேர்ந்து சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். உள்ளே கதை மட்டும் தனித்தனி.

விடுமுறைக்குக் கிளம்பிய புரூஸ் வெய்னும் (வேஷம் இல்லாத பேட்மேன்) கிளார்க் கென்ட்டும் ஒரே கப்பலில் ஏறுகிறார்கள். கூட்டம் அதிகம், அறை போதவில்லை, இரண்டு பேரையும் ஒரே கேபினில் போட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் ஆர்.ஏ.சி. டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லாமலே புரியும். இரவில் துறைமுகத்தில் தீ. விளக்கை அணைத்த கேபினில் இருவரும் இருட்டில் உடை மாற்றுகிறார்கள், மற்றவனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில். தீயின் வெளிச்சம் வட்டச் சன்னல் வழியாக உள்ளே பாய்கிறது. பாதி உடையில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். பல வருட ரகசியம் ஒரு சன்னல் வெளிச்சத்தில் போயிற்று.

அதே கப்பலில் லோயிஸ் லேனும் இருப்பதால் மீதிக் கதை முழுக்க அவரைத் திசைதிருப்பும் பாடு. யாரோடு வெளியே போவது என்று இருவரையும் அலையவிட்டுக் கடைசியில் அவர் கிளம்புவது ராபினோடு. மேலே சொன்ன வம்சத்தில் இதுதான் தலைகீழான கிளை: இங்கே தற்செயல் அடையாளத்தைக் குழப்பவில்லை, உடைத்துவிடுகிறது.

ஆர்ச்சியும் பனிஷரும் சேர்ந்து வந்தாங்கன்னு சொல்றது கிண்டலுக்குத்தானே?

கிண்டலாகத்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். இல்லை, 1994-இல் உண்மையாகவே வந்தது. ஆர்ச்சி, அமெரிக்கச் சிற்றூர் ரிவர்டேலில் பெட்டி, வெரோனிகா என்ற இரண்டு பெண்களுக்கு நடுவில் முழிக்கும் பள்ளி மாணவன். பனிஷர், குடும்பத்தைக் குற்றவாளிகளிடம் பறிகொடுத்துவிட்டு மண்டையோட்டுச் சட்டை போட்டுக்கொண்டு குற்றவாளிகளைச் சுட்டுத்தள்ளுகிறவர். ஒருவன் மார்வெலில் இல்லை, இன்னொருவர் ஆர்ச்சி கம்பெனியில் இல்லை. எழுதியவர் பேட்டன் லாஷ். அட்டையும் இரண்டு: மார்வெல் விற்றதில் பனிஷர் பெயர் முதலில், ஆர்ச்சி கம்பெனி விற்றதில் ஆர்ச்சி பெயர் முதலில்.

இந்த இரண்டு பேரையும் எந்தக் காரணத்தைச் சொல்லி ஒரே தெருவில் நிறுத்துவீர்கள்? யோசித்துப் பாருங்கள், ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. பனிஷர் துரத்தும் போதைமருந்து வியாபாரி அச்சு அசல் ஆர்ச்சி மாதிரியே இருக்கிறான், அதே சிவப்புத் தலைமுடி, அவன் பட்டப்பெயரே ரெட். அவன் ரிவர்டேலுக்கு ஓடிவருகிறான், பனிஷர் பின்னாலேயே வருகிறார், வந்து பார்த்தால் ஆர்ச்சி. நம் சினிமாவில் இரட்டை வேடத்தில் கெட்டவனுக்கு ஒரு மச்சமாவது ஒட்டுவார்கள். இங்கே அதுவும் கிடையாது.

ஆனால் அந்தப் புத்தகத்தின் அழகு கதையில் இல்லை, கோட்டில் இருக்கிறது. பனிஷரை வரைந்தவர் ஜான் புசேமா, தசை, நிழல், தாடை எல்லாம் கனமாக. ஆர்ச்சி உலகத்தை வரைந்தவர் ஸ்டான் கோல்ட்பெர்க், காலம் காலமாக ரிவர்டேலை வரைந்த கை. இரண்டையும் ஒட்டவைக்க யாரும் முயலவில்லை. புள்ளிக் கண்ணும், காதருகே பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கோடு போட்ட தலையுமாக ஆர்ச்சி நிற்கிற கட்டத்தில், நிஜ மனிதனின் நிழல் விழுந்த முகத்தோடு பனிஷர் நிற்கிறார். கல்யாண வீட்டுக் கோலத்தின் நடுவே எண்ணெய்ச்சாய ஓவியத்தைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். முதல் நாலு பக்கம் கண் உறுத்தும், அப்புறம் அதுவே வேடிக்கையாகிவிடும். ஆள்மாறாட்டத்தை மட்டுமே நம்பி எழுதப்பட்டதில் இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பனிஷர் பேட்மேனையும் சந்திச்சார்னு ரெண்டு புக் இருக்கு. ஏன் ரெண்டு?

இரண்டும் ஆர்ச்சி வந்த அதே 1994. முதலாவதில் வரும் பேட்மேன், புரூஸ் வெய்ன் இல்லை. அப்போது டி.சி. கதையில் வெய்னின் முதுகெலும்பு முறிந்து, ஜான் பால் வேலி என்ற வேறொருவர் பேட்மேன் உடையில் திரிந்துகொண்டிருந்தார். பனிஷர் அவரைத்தான் சந்தித்தார். இரண்டாவது புத்தகத்தில்தான் வெய்ன் திரும்பி வருகிறார். ஆக கூட்டாளி என்று நினைத்தவர் வேறு ஆள், இப்போது எதிரில் நிற்பவர் வேறு ஆள், உடை மட்டும் பேட்மேன். இங்கே யாரும் ஏமாற்றவில்லை, மாதாமாதம் ஓடும் கதை தானாகவே ஒரு ஆள்மாறாட்டத்தை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. இரண்டில் இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும், அதில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கரைச் சுடப்போகும் பனிஷரைத் தடுக்க வேண்டிய நிலைமை பேட்மேனுக்கு.

முகமூடி இருந்தும் ஆளைக் கண்டுபிடிக்கிற கதை ஒண்ணாவது இருக்கா?

இருக்கிறது. 1996-இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த பேட்மேன், கேப்டன் அமெரிக்கா கதை. நடப்பது 1945-இல். புரூஸ் வெய்ன் மீது ராணுவத்துக்குச் சந்தேகம், அவரைக் கவனிக்க ஸ்டீவ் ராஜர்ஸ், அதாவது முகமூடி இல்லாத கேப்டன் அமெரிக்கா, அனுப்பப்படுகிறார். இருவருக்கும் கைகலப்பாகிறது. அடி விழும் விதத்தைப் பார்த்தே, இவன்தானா அவன் என்று இருவரும் புரிந்துகொள்கிறார்கள். எக்ஸ்ரே கண்ணால் முடியாததை முஷ்டி செய்துவிடுகிறது. மூன்றாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு சாமர்த்தியம் என்று தெரியும்: சண்டை வைத்தாகிவிட்டது, அந்தச் சண்டையாலேயே குழப்பமும் தீர்ந்துவிட்டது.

கம்பெனிக்கே தெரியாம கிராஸ்ஓவர் பண்ணாங்கங்கறது நிஜமா?

தெரியாமல் என்பதைவிட, பெயர் சொல்லாமல் என்பது சரி. வெர்மான்ட் மாநிலத்தில் ரட்லண்ட் என்ற ஊரில் ஹாலோவீன் அன்று சூப்பர்ஹீரோ வேஷ ஊர்வலம் உண்மையாகவே நடந்துவந்தது. 1972-இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் மார்வெலின் அமேசிங் அட்வெஞ்சர்ஸ் 16-ஐயும், ஜெர்ரி கான்வே மார்வெலின் தோர் 207-ஐயும், லென் வெய்ன் டி.சி.யின் ஜஸ்டிஸ் லீக் 103-ஐயும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூவரும் பேசிவைத்துக்கொண்டு மூன்று கதையையும் அதே இரவில் அதே ஊரில் நடத்தினார்கள். தங்களையே பாத்திரங்களாகக் கதைக்குள் நுழைத்தும் கொண்டார்கள். ஊரே வேஷம் போட்டிருக்கும் இரவில் நிஜ ஹீரோ நடந்துபோனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆள்மாறாட்டத்துக்கு இதைவிட வசதியான இரவு கிடையாது.

மேலே வந்த கான்வேதான் இவரும். ரட்லண்டில் திருட்டுத்தனமாகச் செய்ததை நாலு வருஷம் கழித்து சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார்.

ரெண்டு கம்பெனியும் வேற வேற பிரபஞ்சம்தானே, எப்படிச் சந்திக்க முடியும்?

1976-இல் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருவரும் ஒரே பூமியில்தான் வாழ்கிறார்கள், இதுவரை பார்த்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான். 1981-இல் ஹல்க் பேட்மேனின் ஊருக்கு வந்ததும் அப்படியே, ஹல்க்காக மாறும் புரூஸ் பானருக்கு வெய்ன் நிறுவனத்தில் வேலை. (அதில் ஹல்க்கைப் பேட்மேன் மயக்கியது எப்படி என்று கேட்பவர்களுக்கு: புகையை விட்டார், ஹல்க் மூச்சை அடக்கினார், வயிற்றில் ஒரு உதை விட்டார், ஹல்க் மூச்சை இழுத்துவிட்டார்.)

1996-இல் இரண்டு பிரபஞ்சங்கள் மோதுவதாக டி.சி.யும் மார்வெலும் நாலு இதழ் போட்டபோதுதான் விளக்கம் பெரிதானது. அதில் ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள், மார்வெலுக்கு மூன்று, டி.சி.க்கு இரண்டு. விளக்கம் வந்ததும் தற்செயலுக்கு வேலை போய்விட்டது என்பது என் குறை. பிரபஞ்சம் கிழிந்து ஒருவர் விழுவதைவிட, அறை போதாமல் ஒரே கேபினில் மாட்டுவது எனக்கு ருசிக்கிறது.

இவ்ளோ விக்கும்னா ஏன் அடிக்கடி போடல?

தலையாட்டல் என்றேனே, அதுதான். டி.சி.யின் ஹீரோ படையான ஜஸ்டிஸ் லீகும் மார்வெலின் அவெஞ்சர்ஸும் சந்திக்கும் கதையை 1983-இல் ஜார்ஜ் பெரஸ் வரையவும் தொடங்கிவிட்டார், கதைப்போக்கில் இரண்டு அலுவலகங்களும் ஒத்துப்போகாமல் நின்றது. அதே பெரஸ், கர்ட் பியூசிக் எழுத்தில் 2003-04-இல்தான் அதை நாலு இதழாக வரைந்து முடித்தார். 2022-இல் பெரஸ் உடல்நலமின்றி இருந்தபோது, காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக 7,000 பிரதிகள் மட்டும் மறுபதிப்பு வந்தது. அந்த மே மாதமே அவர் காலமானார்.

2024-இல் பழைய டி.சி., மார்வெல் கதைகள் பெரிய தொகுப்பாக மறுபடி வந்தன. 2025-இல் பேட்மேனும் மார்வெலின் டெட்பூலும் சந்திக்கும் கதைகளை இரண்டு கம்பெனியும் ஆளுக்கொன்றாகப் போட்டன. பங்கு பிரிப்பதில் அப்போதும் அதே தராசுதான்.

எதுல ஆரம்பிக்கலாம்?

ஆர்ச்சி, பனிஷர். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், ஒரே உட்காரலில் முடியும். பிடித்திருந்தால் 1976. அதை மட்டும் போனில் படிக்காதீர்கள். சூப்பர்மேனின் கை நின்று காற்று மட்டும் போகிற அந்தப் பக்கம் உள்ளங்கையளவு திரையில் ஒன்றுமே இல்லாததாகத் தெரியும். வீட்டுப் பக்கம் வந்தால் என் பிரதியைத் தருகிறேன், இங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். கடன் கேட்டு வாங்கிப்போனவர் ஒருவர் இன்னும் திரும்பி வரவில்லை.